9 ஆடு குட்டி வீசிவிட்டது, பூனைதான் காரணம் என்கிறார்கள். விரட்டிவிடலாமா?

செம்மறி_பெரம்பூர் | டிசம்பர் 17, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். வீடு பெரம்பூரில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். ஊத்துக்கோட்டை பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கரில் மூன்று வருடமாக மெட்ராஸ் சிவப்புச் செம்மறி வளர்க்கிறேன். 58 பெட்டை, 2 கிடா. சனி, ஞாயிறு நான் போவேன். மற்ற நாட்களில் அங்கேயே குடியிருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் முதல் வாரம் கிடா சேர்த்தோம். பொங்கலுக்குள் குட்டி விழுந்துவிடும் என்று கணக்கு. இந்த மாதம் 3ஆம் தேதி ஒரு ஆடு குறைமாதத்திலேயே குட்டியை வீசியது. முட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மூன்று. இன்றோடு ஒன்பது. தாய் ஆடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் இல்லை, வீசிய அன்று சாயங்காலமே கடலைக்கொடியைக் கடிக்கின்றன. இந்த இனத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். நேற்று வீசிய ஆட்டுக்கு அபூர்வமாக இரட்டை. ஒன்றுக்கு ரோமம் எல்லாம் முளைத்து, தூங்குவதுபோல் இருந்தது. இன்னொன்று என் உள்ளங்கை நீளம், காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது. பெரியவர் அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

மருந்துக் கடைக்காரர் ஒருவர் "சினை நிற்கிற ஊசி" என்று மீதி ஆடுகளுக்குப் போடச் சொல்லி, ஆட்டுக்கு 120 ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகும் இரண்டு வீசிவிட்டது.

என் அக்கா மகன் போனில் எதையோ படித்துவிட்டு, "மாமா, இது பூனையால் வருவது, டாக்சோ" என்கிறான். பண்ணையில் ஒரு தாய்ப்பூனை, நான்கு குட்டி, இரவில் வந்துபோகும் ஒரு கடுவன். போன வருடத்துக்கு முந்தைய வருடம் எலி ஆறு மூட்டை அடர்தீவனத்தை நாசம் பண்ணி, எலியைத் தேடிக் கட்டுவிரியனும் வந்த பிறகுதான் நானே அந்தப் பூனையைக் கொண்டுபோய் விட்டேன். இப்போது விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

செங்குன்றம்_சிங்கம் | டிசம்பர் 17, இரவு 10:31

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே? சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றி, ஆந்திரா எல்லை தாண்டி விட்டுவிட்டு வாங்க. ஆடு ஒன்று பன்னிரண்டாயிரம், பூனை இலவசம்.

மடிப்பாக்கம்_மியாவ் | டிசம்பர் 17, இரவு 11:05

சாக்கில் கட்டி ஊர் மாற்றி விடுவது குற்றம், தெரியுமா? எது நடந்தாலும் பூனை தலையில் போடுவதே வழக்கமாகிவிட்டது. குறுக்கே வந்தால் சகுனம், வீட்டில் இருந்தால் ஆஸ்துமா, இப்போது ஆடு வீசினாலும் பூனையா? என் வீட்டில் ஐந்து பூனை, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் நலம்.

செங்குன்றம்_சிங்கம் | டிசம்பர் 17, இரவு 11:09

உங்கள் வீட்டில் சினை ஆடு எத்தனை அக்கா?

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 18, காலை 6:20

இருவரும் கொஞ்சம் பொறுங்கள்.

பெரம்பூர் தம்பி, நான் கால்நடை மருத்துவன், ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. நீங்கள் எழுதியதில் பூனையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டவை மூன்று. தாய் நலமாக இருக்கிறது. நாலாம் மாதத்தில் வீசுகிறது. ஒரே வயிற்றில் ஒன்று சுருங்கிக் காய்ந்தும், இன்னொன்று வளர்ந்தும் இருக்கிறது. இது டாக்சோபிளாஸ்மா கிருமிக்கு நன்றாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்குமேல் இப்போது சொல்ல மாட்டேன். செம்மறி கூட்டமாக வீசினால் புரூசெல்லா, கிளமிடியா, கியூ காய்ச்சல், சால்மொனெல்லா, லிஸ்டீரியா என்று பட்டியல் நீளும். ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு வந்தாலும் வீசும், ஆனால் அப்போது தாயும் படுத்துவிடும், உங்களுக்கே தெரிந்திருக்கும். பூஞ்சை பிடித்த கடலைக்கொடி, மழையில் சறுக்கி விழுவது எல்லாமும் உண்டு. பரிசோதிக்காமல் பூனையைத் துரத்திவிட்டு, புரூசெல்லாவைப் பண்ணையில் வைத்துக்கொண்டால் அடுத்த வருடமும் இதே இழையில் எழுதுவீர்கள். அது மனிதருக்கும் வரும். மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும்.

அடுத்த ஆடு வீசினால் செய்ய வேண்டியது: கையுறை போட்டுக்கொண்டு நஞ்சுக்கொடியைக் கழுவாமல் விரித்துப் பாருங்கள். செம்மறி நஞ்சுக்கொடியில் பொத்தான் பொத்தானாகச் சிவப்புத் திட்டுகள் இருக்கும். டாக்சோ என்றால் அந்தத் திட்டுகளுக்குள் கல் உப்புத் தூவியதுபோல் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் உள்ள சவ்வு மெல்லியதாக, சாதாரணமாக இருக்கும். அந்தச் சவ்வு தடித்து, தோல் மாதிரி ஆகியிருந்தால் கிளமிடியாவைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். நஞ்சுக்கொடியில் இரண்டு, மூன்று திட்டையும் இறந்த குட்டியையும் தனித்தனிப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, உங்கள் ஊர் கால்நடை உதவி மருத்துவரிடம் அன்றே கொடுங்கள். உறைய வைக்காதீர்கள், உறைந்த மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. வீசிய ஆடுகளின் இரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது, உங்களுக்குப் போகிற வழிதான்.

அந்த ஊசியை இனிமேல் போடாதீர்கள். உள்ளே இறந்த குட்டியை நிறுத்திவைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு கேள்வி. பூனைக்குட்டிகள் எப்போது பிறந்தன? தீவனம் எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள்?

செம்மறி_பெரம்பூர் | டிசம்பர் 18, மதியம் 1:40

நன்றி சார். ஆகஸ்ட் பதினைந்து விடுமுறைக்குப் போனபோது குட்டிகள் கண் திறக்கவில்லை. அப்படியானால் ஆகஸ்ட் இரண்டாம் வாரம்.

அடர்தீவனம் சாக்கில், வாய் திறந்தபடி. கடலைக்கொடி ஒரு தகரக் கொட்டகைக்குள் போராக அடுக்கியிருக்கிறோம். பூனை குட்டி போட்டதே அந்தப் போரின் மேல்தான். மழை பிடித்ததிலிருந்து எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 18, இரவு 8:55

போரின் மேலா! சரி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த டாக்சோ கிருமியை 1908இல் துனிஸ் நகரத்தில் கோண்டி என்ற எலி மாதிரியான ஒரு பிராணியில் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் பிரேசிலில் முயலிலும் பார்த்தார்கள். செம்மறி வீசுவதற்கு இதுவும் காரணம் என்று 1950களில் நியூசிலாந்தில் தெரிந்துவிட்டது. ஆனால் பூனைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு உறுதியானது 1970 வாக்கில்தான். நடுவில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு புதிர். பச்சை இறைச்சி தின்றால் வரும் என்று தெரியும், சரி, புல் மட்டும் தின்னும் ஆட்டுக்கு எப்படி வருகிறது? பம்பாயில் பார்த்தபோது சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் அசைவக்காரர்களுக்கும் இந்தத் தொற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விடை கடைசியில் பூனை மலத்தில் கிடைத்தது. பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான் இந்தக் கிருமி முட்டை மாதிரியான உறை கட்டி வெளியே வரும். நாய், ஆடு, எலி, மனிதன் யாருடைய மலத்திலும் வராது.

இனி உங்கள் பண்ணைக்கு வருவோம். எல்லாப் பூனையும் எல்லா நாளும் இதை வெளியேற்றுவதில்லை. பால் மறந்து முதன்முதலாக எலி பிடிக்கத் தொடங்கும் குட்டிதான் சிக்கல். கிருமி உள்ள எலியைத் தின்றால் சில நாட்களில் வெளியேற்றத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று வாரம்வரை விடாமல், கோடிக்கணக்கில் வெளியேற்றும். அத்தோடு பெரும்பாலும் அந்தப் பூனையின் கணக்கு முடிந்தது, உடம்பில் எதிர்ப்பு வந்துவிடும். உங்கள் தாய்ப்பூனை தன் பங்கை எப்போதோ முடித்திருக்கும்.

ஆகஸ்டில் பிறந்த குட்டிகள் அக்டோபர் கடைசியில் வேட்டைக்கு இறங்கியிருக்கும். அப்போது உங்கள் ஆடுகள் மூன்றாம் மாதச் சினை. வெளியே மழை, குட்டிகள் மலம் கழித்துக் கிளறி மூடியது உங்கள் கடலைக்கொடிப் போரில். அதைத் தினமும் காலையில் உருவி ஆட்டுக்குப் போட்டிருக்கிறீர்கள். தொற்றிய ஆடு வீச நாலு, ஐந்து வாரம், சில சமயம் இன்னும் கொஞ்சம் ஆகும். டிசம்பர் 3. தேதிகள் இடிக்கவில்லை பார்த்தீர்களா?

ஆட்டுக்கு இது முன்பே வந்திருந்தால் பயமில்லை. சினைக் காலத்தில் முதல்முறை வந்தால்தான் குட்டிக்கு ஆபத்து. தொடக்கத்திலேயே தொற்றினால் கரு கரைந்துவிடும், நாம் "சினை நிற்கவில்லை" என்று நினைப்போம். நடுவில் தொற்றினால் வீசும், காய்ந்த குட்டி வரும். கடைசி மாதத்தில் தொற்றினால் குட்டி பெரும்பாலும் பிழைத்துவிடும்.

தரவு_கேட்பவன் | டிசம்பர் 19, காலை 9:14

சார், சென்னை வெயிலில் எந்தக் கிருமி சார் உயிரோடு இருக்கும்? குளிர் நாட்டுக் கதையை நம் ஊருக்குப் பொருத்துகிறோமோ?

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 19, காலை 10:02

நல்ல கேள்வி. மே மாதம் திறந்த வெளியில், காய்ந்த மண்ணில் அதிக நாள் தாங்காது. சூடும் வறட்சியும்தான் அதற்கு எதிரி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குள் கையை விட்டுப் பாருங்கள். நிழல், ஈரம், மிதமான சூடு. இப்படிப்பட்ட இடத்தில் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும்.

ஆய்வு வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே உண்டு. 2004-05இல் கோயம்புத்தூரில் திடீரென்று கண்ணில் டாக்சோ தொற்றோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண் மருத்துவர்கள் பதிவு செய்தது 248 பேர். சந்தேகம் போனது குடிநீர்மேல். 1995இல் கனடாவின் விக்டோரியா நகரத்திலும் இதே கதை, அங்கும் நீர்த்தேக்கம்.

மடிப்பாக்கம்_மியாவ் | டிசம்பர் 19, காலை 11:30

ஆக, ஒட்டுமொத்தமாகப் பூனை என்று சொல்லாமல் மூன்று மாதக் குட்டியின் மூன்று வாரம் என்று சொல்லலாம். அதையாவது தலைப்பில் மாற்றுங்கள்.

மட்டுறுத்துநர் | டிசம்பர் 19, காலை 11:48

தலைப்பு அப்படியே இருக்கட்டும். பூனைப் படங்களுக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே போட்ட பதினொன்றையும் அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

மதுராந்தகம்_பட்டி | டிசம்பர் 19, மாலை 4:25

என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்களுடையது வெள்ளாடும் செம்மறியும் கலந்த பட்டி. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆறு ஆடு வீசியது. எங்களுக்கும் பூனை என்றார்கள். இருந்த இரண்டு பெரிய பூனையையும் பிடித்துக்கொண்டுபோய் விட்டேன். யாரும் திட்ட வேண்டாம், அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் கொட்டகையில் எலி ஓடும் சத்தத்தில் தூங்க முடியவில்லை. அதற்கடுத்த மாதம் எங்கிருந்தோ ஒரு சினைப்பூனை வந்து சேர்ந்தது, ஐந்து குட்டி போட்டது. பழைய இரண்டும் வயசான, கட்டுப்பட்ட பூனைகள். வேற்றுப் பூனையை உள்ளே விடாது. அவற்றை நானே அனுப்பிவிட்டுக் குட்டிப் பட்டாளத்தைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஈற்றில் எட்டு வீசியது.

இப்போது பூனை இரண்டு, இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. சாயங்காலம் ஒருவேளை வேகவைத்த மீன் தலையும் சோறும் வைப்பேன். பசியோடு இருந்தால்தான் எலி பிடிக்கும் என்பார்கள், நான் பார்த்தவரை அப்படி இல்லை. வயிறு நிறைந்தாலும் பிடிக்கும். சோறு கிடைக்கும் இடத்தை விட்டு அலைவதில்லை என்பதுதான் லாபம்.

இன்னொன்று. வீசிய குட்டியை, நஞ்சை வெளியே எறிய வேண்டாம். பூனை தின்னும், நாய் தின்னும். நாங்கள் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கிறோம்.

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 19, மாலை 6:10

மதுராந்தகத்துக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. எலியை மறந்துவிட்டுப் பூனையை மட்டும் பேசுவது அரைக் கணக்கு. எலிதான் இந்தக் கிருமியின் சேமிப்புக் கிடங்கு. சுண்டெலியில் தாயிடமிருந்து குட்டிக்கே போகும். பூனையை ஒழித்து எலியைப் பெருக்கினால், அடுத்து வரும் பூனைக்குட்டிக்கு விருந்து வைத்தது போலத்தான். போதாததற்கு எலிக்காய்ச்சலும் சேரும்.

குரோம்பேட்டை_சித்தி | டிசம்பர் 20, மதியம் 12:15

ஆட்டுக்காரர்கள் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தங்கைக்கு நாலாம் மாதம். வீட்டில் இரண்டு பூனை, ஏழு வருடமாக இருக்கிறது, வெளியே போகாது. அவள் மாமியார் இந்த மாதிரி ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுப் பூனையை உடனே அனுப்பச் சொல்கிறார். அவள் அழுகிறாள். என்ன சொல்வது?

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 20, மதியம் 2:47

நான் ஆட்டு டாக்டர்தான் அம்மா. தங்கையைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, தேவையென்றால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். முன்பே தொற்றி எதிர்ப்பு வந்திருந்தால் அந்த அறிக்கையிலேயே தெரியும், பெரும்பாலும் நிம்மதி. புதுத் தொற்று என்று சந்தேகம் வந்தால் அதற்கும் மாத்திரை உண்டு, மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

பூனை விஷயம் சொல்கிறேன். ஏழு வயது, வெளியே போகாது, எலி பிடிக்காது, பச்சைக் கறி தின்னாது என்றால் அதனால் வரும் ஆபத்து மிகக் குறைவு. மண்பெட்டியை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். தினமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாக விழுந்த மலத்தில் உள்ள உறை உடனே தொற்றாது, பக்குவமாக ஒரு நாளாவது, சில சமயம் ஐந்து நாள்வரை ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் கதை முடிந்தது. பெட்டியைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டெட்டாலும் ப்ளீச்சிங் பவுடரும் அந்த உறையை ஒன்றும் செய்யாது.

மாமியாரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். உடம்பில் இரத்தம் ஊறும் என்று மருமகளுக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிக் கொடுக்கிறாரா? அதைக் கல்லில் லேசாக வாட்டி, உள்ளே சிவப்பாகவே கொடுக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு. ஆட்டு மூளையையும் இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்கிவிடுவார்கள். ஆட்டின் மூளையிலும் தசையிலும் இந்தக் கிருமி கட்டியாக வருடக்கணக்கில் தங்கும். 67 டிகிரி சூடு உள்ளே வரை ஏறினால் செத்துவிடும். நம் வீட்டுக் குழம்பு கொதிக்கும் கொதிக்கு எதுவும் தங்காது, வாட்டலும் பிரட்டலும்தான் கவலை. கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதும், தோட்டத்துக் கீரையைக் கழுவாமல் கடிப்பதும், கையுறை இல்லாமல் தொட்டி மண் கிளறுவதும் அப்படித்தான். வீட்டுப் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவது இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

குரோம்பேட்டை_சித்தி | டிசம்பர் 20, மாலை 5:30

சுவரொட்டி! வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது சார், அப்படியேதான். இன்றிலிருந்து மிளகுக் குழம்பில் கொதிக்கவிடச் சொல்லிவிட்டேன். மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

செம்மறி_பெரம்பூர் | டிசம்பர் 20, இரவு 9:20

சார், இதைப் படித்ததும் எனக்கு வேறு பயம். அண்ணிக்கு மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பண்ணைக்குப் போவது வழக்கம், அண்ணிதான் குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பார்.

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 20, இரவு 9:33

ஆடுகள் ஈனி முடிக்கும்வரை அண்ணி அந்தப் பக்கமே போகக் கூடாது. டாக்சோ இல்லை என்று வந்தாலும் இதுதான் என் பதில். கிளமிடியா, லிஸ்டீரியா, கியூ காய்ச்சல் எல்லாம் ஈற்று நேரத்து நீரிலும் நஞ்சிலும் வரும், கருவுற்ற பெண்ணுக்கு ஆகாது. நீங்கள் போட்டுக்கொண்ட சட்டையையும் பண்ணையிலேயே துவைத்துவிட்டு வாருங்கள்.

செம்மறி_பெரம்பூர் | டிசம்பர் 22, காலை 7:05

நேற்று இரவு இரண்டு மணிக்குப் பத்தாவது ஆடு வீசியது. நான் அங்கேயே இருந்தேன். பெரியவர் டார்ச் பிடிக்க, கையுறை போட்டு நஞ்சுக்கொடியை ஒரு சிமெண்ட் சாக்கின் மேல் விரித்தேன். சார் எழுதிய அதே காட்சி. கருஞ்சிவப்புத் திட்டுகள், உள்ளே வெள்ளை வெள்ளையாக, இட்லி மிளகாய்ப்பொடியில் எள் தெரிவதுபோல். நடுச் சவ்வு கண்ணாடி மாதிரி மெலிதாக இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து விடியற்காலை உதவி மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். பத்து ஆட்டின் இரத்தமும் எடுத்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் கடலைக்கொடிப் போரின் மேல் ஏறிப் பார்த்தேன். தகரத்துக்குக் கீழே, சுவரோரமாக, ஒரு அண்டா அளவுக்குப் பள்ளம். குட்டிகள் படுத்த இடம், கொடி மசிந்து மெத்தையாக இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளிக் கிளறிக் கிளறி மூடிய இடம், கொடியை விலக்கினால் காய்ந்ததும் காயாததுமாகப் பூனை மலம். அந்தப் பக்கத்திலிருந்துதான் பெரியவர் கொடி உருவுவார், கொட்டகை வாசலுக்குக் கிட்டே என்பதால். முட்டி மடக்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாகத் தினமும் நான்தான் ஊட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

மதுராந்தகம்_பட்டி | டிசம்பர் 22, காலை 8:00

மனசு விடாதீங்க தம்பி. எங்கள் வீட்டிலும் தவிட்டு அண்டாவுக்குள்ளேயே போயிருந்தது. அந்தக் கொடியை ஆட்டுக்குப் போடாதீங்க, எருவுக்கும் போடாதீங்க. மழை விட்டதும் கொளுத்திவிடுங்க.

செங்குன்றம்_சிங்கம் | டிசம்பர் 22, காலை 8:41

முதல் நாள் விளையாட்டாக எழுதிவிட்டேன் அண்ணே, தப்பாக எடுத்துக்காதீங்க. கடலைக்கொடி வேண்டுமென்றால் எங்கள் பக்கம் ஒரு லோடு இருக்கிறது, வாங்கின விலைக்கே தருகிறேன்.

தரவு_கேட்பவன் | டிசம்பர் 22, காலை 10:30

இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாமே?

வேப்பேரி_பழைய_மாணவன் | டிசம்பர் 22, பகல் 11:15

இருக்கிறது. நியூசிலாந்தில் 1980களின் கடைசியில் வந்தது, அங்கேயும் பிரிட்டனிலும் போடுகிறார்கள். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த ஊசி, கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரமாவது முன்னால் போட வேண்டும். நம் ஊர்க் கடையில் அதைத் தேட வேண்டாம். யாராவது "டாக்சோ ஊசி" என்று விற்றால் பெயரைப் படித்துப் பாருங்கள், வேறெதுவாகவோ இருக்கும். சினைக் காலத்தில் தீவனத்தில் கலக்கும் மருந்துகள் சில வெளிநாட்டில் உண்டு. அவற்றில் மொனென்சின் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆட்டையே சாய்க்கும், குதிரைக்கும் நாய்க்கும் விஷம். பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார் என்று கோழித் தீவனத்தில் இருப்பதை எடுத்து ஆட்டுக்குக் கலக்காதீர்கள். அப்படிக் கலந்து ஆட்டைச் சாகக் கொடுத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

செம்மறி_பெரம்பூர் | ஜனவரி 7, இரவு 8:18

முடிவு வந்துவிட்டது. பத்து ஆட்டுக்கும் புரூசெல்லா இல்லை. கிளமிடியா இல்லை. நஞ்சுக்கொடியில் டாக்சோபிளாஸ்மா, பி.சி.ஆர். பாசிட்டிவ். இரத்தத்திலும் பத்தில் ஒன்பதுக்கு எதிர்ப்பு காட்டுகிறது.

வேப்பேரி_பழைய_மாணவன் | ஜனவரி 7, இரவு 9:02

நல்லது. நல்லது என்று சொல்லக் கூடாது, ஆனால் இருந்த பட்டியலில் இது பரவாயில்லை. இரத்தத்தில் எதிர்ப்பு இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, எப்போதோ வந்துபோயிருந்தாலும் காட்டும். நஞ்சுக்கொடியே பாசிட்டிவ் என்பதால்தான் ஒத்துக்கொள்கிறேன்.

வீசிய ஆடுகளை விற்றுவிடாதீர்கள். கசாப்புக்குத் தள்ளத் தோன்றும், தள்ளாதீர்கள். அவற்றுக்கு இனி ஆயுள் முழுக்க எதிர்ப்பு இருக்கும், அடுத்த ஈற்றில் உங்கள் பண்ணையிலேயே நம்பகமான ஆடுகள் அவைதான். புதிதாகப் பெட்டை வாங்கினால்தான் கவனம். கிடா சேர்க்க இரண்டு மாதம் முன்பே கொண்டுவந்து மந்தையோடு மேயவிடுங்கள். சினையோடு வாங்கிவந்து நேராக உள்ளே விடாதீர்கள்.

மடிப்பாக்கம்_மியாவ் | ஜனவரி 8, காலை 10:10

பூனைகள் என்ன ஆச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

செம்மறி_பெரம்பூர் | ஜனவரி 8, இரவு 10:50

நான்கு குட்டியில் இரண்டு எங்கள் தெருவிலேயே வீடு பார்த்துப் போய்விட்டது. இரண்டையும் தாயையும் அடுத்த வாரம் கருத்தடைக்குக் கூட்டிப்போகிறேன். கடுவனைத்தான் பிடிக்க முடியவில்லை. கூண்டு வைத்தால் மீனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, எப்படி என்று பெரியவருக்கும் புரியவில்லை.

மடிப்பாக்கம்_மியாவ் | ஜனவரி 8, இரவு 11:02

கூண்டை மூன்று நாள் கதவைக் கட்டித் திறந்தே வையுங்கள், உள்ளே போய்த் தின்று பழகட்டும். நாலாம் நாள் கயிற்றை அவிழுங்கள். மத்தி மீன் வையுங்கள், வாசனை தூக்கும். முடியவில்லை என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என் கூண்டோடு நானே வருகிறேன்.

செம்மறி_பெரம்பூர் | பிப்ரவரி 2, இரவு 9:45

கடைசிக் கணக்கு. 58 ஆட்டில் 13 வீசியது. 4 குட்டி பிறந்தும் நிற்கத் தெம்பில்லாமல் இரண்டு நாளில் போய்விட்டது. 7 ஆடு சினையே இல்லை, அதில் எத்தனை தொடக்கத்திலேயே கரைந்ததோ. 34 குட்டி நன்றாகத் துள்ளுகிறது. அண்ணி நலம், பரிசோதனையில் ஒன்றும் இல்லை, பண்ணைக்கு இன்னும் அனுமதி இல்லை. கடுவன் மத்தி மீனுக்கு மாட்டியது. மேடம் வந்து பிடித்தார், கையில் நாலு கீறல்.

கொட்டகைக்கு வாசல்வரை கம்பிவலை அடித்துவிட்டோம். கொடிமேல் தார்ப்பாய். அடர்தீவனம், தவிடு, தாது உப்பு எல்லாம் மூடி போட்ட 200 லிட்டர் நீல டிரம்மில். பூனைகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி ஆற்று மணல் கொட்டியிருக்கிறேன், அங்கேயே போகின்றன.

செங்குன்றம்_சிங்கம் | பிப்ரவரி 2, இரவு 10:01

டிரம் எங்கே வாங்கினீங்க, என்ன விலை?

செம்மறி_பெரம்பூர் | பிப்ரவரி 2, இரவு 10:07

மாதவரம் போகிற வழியில் ஒரு பழைய டிரம் கடை. ஒன்று 900 சொன்னார், ஆறு எடுத்ததால் 750க்கு வந்தது. இரும்பு வளையம் போட்ட மூடியாகப் பார்த்து எடுங்க, வெறும் அழுத்து மூடியைப் பெருச்சாளி தள்ளிவிடும். முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீங்க, மருந்து, ஆசிட் டிரம் எல்லாம் அதே நீலத்தில்தான் இருக்கிறது. என்னுடையதில் ஒன்று மாங்காய் ஊறுகாய் டிரம். ஐந்து முறை கழுவியாச்சு, ஆடுகள் இன்னும் அதை முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிட வருகின்றன.